எங்கள் வேடியப்பனுக்கு எது சாட்சி?

கேள்வி
எழுதியவர்: கூட்டுக்காரன், பாலக்கோடு பக்கம்

வணக்கம். இரண்டு ஏக்கரில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறேன். படிப்பு பத்தாவதோடு சரி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கருப்புச் சட்டைக்காரன் இல்லை. போன ஆடியில்கூடப் பொங்கல் வைத்தவன்தான். ஆனால் நாலு வருஷமாக ஒரு கேள்வி நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. வீட்டில் கேட்டால் சண்டை வருகிறது.

எங்கள் குலசாமி வேடியப்பன். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊருக்கு வெளியே புங்க மரத்தடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகைக் கல். அதில் ஓர் ஆள் வில்லைப் பிடித்து நிற்கிறான். இடுப்பில் குறுவாள், காலருகில் ஒரு சின்னக் கெண்டி. தலைக்கு மேலே நாலு வரியில் ஏதோ கீறல். சின்ன வயதில் அது ஓணான் ஓடிய தடம் என்று என் ஆயா சொல்லும். நானும் நம்பினேன்.

நாலு வருஷத்துக்கு முன் கல்வெட்டு படிக்கிறவர்கள் மூன்று பேர் வந்தார்கள். பெரியப்பாவிடம் அனுமதி கேட்டுக் கல்லைக் கழுவினார்கள். ஈரத் தாளை ஒட்டி, பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டித் தட்டி, மேலே மை ஒற்றி எடுத்தார்கள். காய்ந்து உரித்தபோது கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்து. வட்டெழுத்தாம். பல்லவர் காலத்ததாக இருக்கலாம் என்றார்கள். ஒருவர் விரல் வைத்துப் படித்தார். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், பகைவர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனபோது, இன்னாருடைய சேவகன் தொறு மீட்டுப் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் செத்தான். அவன் பெயர் இருந்த இடத்தில் மட்டும் முதல் இரண்டு எழுத்து போக மீதி இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சந்தனம் அப்பி, எண்ணெய் தேய்த்து, துணியால் துடைத்த இடம் அது. இருக்கிற இரண்டு எழுத்தும் ‘வேடி’ இல்லை.

பெரியப்பா சிரித்தார். “எவனோ எழுதியிருக்கிறான். சாமி சாமிதான்” என்று வெற்றிலையை மடித்தார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் காது குத்திக்கொண்டது, என் மகளுக்கு முடி இறக்கியது எல்லாம் மாட்டைக் காப்பாற்றப் போய்ச் செத்த ஒரு கூலிக்காரனிடம். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, மரியாதைதான் கூடியது. அவன் இருந்தான், செத்தான் என்பதற்குக் கல்லில் எழுத்து இருக்கிறது. ஆனால் அவன் இன்றைக்கும் என் புழுவைக் காப்பாற்றுகிறான் என்பதற்கு எழுத்து எங்கே?

புழு விஷயத்தைச் சொல்லாமல் இது புரியாது. போன ஐப்பசியில் 200 முட்டைத் தொகுதிக்கான இளம்புழு எடுத்தேன். பெரியப்பா வேடியப்பனுக்குக் கிடா நேர்ந்துகொண்டார். நாலாம் தோலுரிப்பு தாண்டியதும் பால்புழு நோய் வந்துவிட்டது. பார்த்தவர்களுக்குத் தெரியும். நல்ல புழு தழையை விட்டுத் தலை தூக்காது. நோய் கண்டது தழையை விட்டுவிட்டுத் புழுவைப் பரப்பி வளர்க்கும் தாங்கியின் விளிம்பிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும். தோல் பளபளவென்று உப்பி, கணுக்கணுவாக வீங்கும். தொட்டால் கிழியும், பால் போல வடியும். அந்த ஈரம் பட்ட தழையைத் தின்ற அடுத்த புழுவுக்கும் அதே கதி. 150 கிலோ கூடு வரவேண்டிய இடத்தில் 40 கிலோ தேறியது. வேண்டுதலில் குறை வந்துவிட்டது, என் மனைவி விலக்கான நாளில் கொட்டகைக்குள் போய்விட்டாள் என்று பெரியப்பா சொன்னார்.

தையில் மறுபடி 200. இந்த முறை காலிக் கொட்டகையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன், ஒவ்வொரு தோலுரிப்புக்கும் சுண்ணாம்புத் தூள் தூவினேன், பக்கத்துத் தாங்கிக்குப் போகுமுன் கை கழுவினேன். பெரியப்பாவும் மறுபடி நேர்ந்துகொண்டார். 155 கிலோ. கிடா வெட்டினோம். “பார்த்தாயா?” என்றார்.

நான் பார்த்தது வேறு. வரப்புக்கு அந்தப் பக்கம் கொட்டகை போட்டிருக்கும் பாயும் என்னோடு ஒரே நாளில், ஒரே இடத்தில் இளம்புழு வாங்கியவர். ஐப்பசியில் அவருக்கும் போனது. தையில் அவருக்கும் வந்தது. அவர் வேடியப்பனுக்கு நேர்ந்துகொள்ளவில்லை. இதைச் சொன்னதற்கு, “அவருக்கு அவர் சாமி” என்று பதில் வந்தது. சரி, ஒரு வரிசைத் தாங்கிக்குச் சுண்ணாம்பு மட்டும், ஒரு வரிசைக்கு வேண்டுதல் மட்டும் என்று பிரித்து வளர்த்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது பங்காளிகள் கூடி வீட்டுக்கு 15,000 ரூபாய் வரி போட்டிருக்கிறார்கள். மண்டபம், டைல்ஸ், பித்தளைக் கவசம், கல்லுக்கு மேலே சிமெண்டில் திருவாசி என்ற அலங்கார வளைவு. திருவாசி வைத்தால் அந்த நாலு வரியும் சிமெண்டுக்குள் போய்விடும்.

கேள்வி இதுதான். கண்ணால் காணாத ஒன்றுக்குச் சாட்சி கேட்பது தப்பா? தப்பில்லை என்றால், பங்காளிகளோடு பகை வராமல் அந்த எழுத்தை எப்படிக் காப்பாற்றுவது? பணம் கொடுப்பதா வேண்டாமா என்பதையும் சொல்லுங்கள்.

---

பதில் 1
எழுதியவர்: அளவுகோல், ஓசூர்

கூட்டுக்காரரே, நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். துளையின் அளவு சரியா என்று பார்க்க எங்களிடம் கேஜ் இருக்கும். அதற்கு இரண்டு முனை. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், இன்னொரு முனை போகக் கூடாது. இரண்டு முனையும் எல்லாத் துளையிலும் போகிறது என்று வையுங்கள். எல்லாத் துளையும் சரி என்று யாரும் மகிழ மாட்டார்கள், கேஜ் தேய்ந்துவிட்டது என்று தூக்கிப் போடுவார்கள். உங்கள் பெரியப்பாவின் வேடியப்பன் கூடு வந்தாலும் தேர்ச்சி, வராவிட்டாலும் தேர்ச்சி. போகக் கூடாத முனையே அவரிடம் இல்லை.

நீங்கள் கேட்ட ‘இந்தத் தாங்கி, அந்தத் தாங்கி’ சோதனையை மனிதர்களை வைத்தே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1802 பேர், முடிவு 2006இல் வெளியானது. மூன்று பிரிவு. முதல் இரண்டு பிரிவினரிடம், உங்களுக்காக யாரோ பிரார்த்திக்கலாம், பிரார்த்திக்காமலும் இருக்கலாம் என்று மட்டும் சொன்னார்கள். அதில் பிரார்த்தனை நடந்த பிரிவில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது, நடக்காத பிரிவில் 51 சதவீதம். மூன்றாம் பிரிவினரிடம் ‘உங்களுக்காக நிச்சயம் பிரார்த்திக்கிறார்கள்’ என்று சொல்லியே செய்தார்கள். அவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல். இவ்வளவு பிரார்த்தனை தேவைப்படும் அளவுக்கா நம் நிலைமை என்று பயந்துவிட்டார்களோ என்னவோ.

1995 செப்டம்பர் 21ஆம் தேதி நினைவிருக்கிறதா? பிள்ளையார் பால் குடித்த நாள். எனக்கு அப்போது பதினோரு வயது. சொம்போடு வரிசையில் நின்று, என் கரண்டிப் பாலும் உறிஞ்சப்பட்டதைக் கண்ணால் பார்த்தேன். டெல்லியில் விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். பரப்பு இழுவிசையால் கரண்டியிலிருந்து வெளியேறி, சிலை மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்கியது சாயத்தில் தெரிந்தது. கண்ணால் கண்டதற்கே இரண்டாவது சாட்சி வேண்டும் என்று எனக்குப் புரிந்தது அன்றுதான்.

பணம் கொடுக்காதீர்கள். 15,000 ரூபாய்க்குக் கொட்டகையில் வெப்பமானியும் ஈரப்பதமானியும் வாங்கி மாட்டிவிட்டு மீதியைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

---

பதில் 2
எழுதியவர்: மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்

அண்ணா, நான் சாமி கும்பிடுகிறவள். எங்களுக்கும் குலசாமி வேடியப்பன்தான். கும்பிடுவதற்கு யாரிடமும் சாட்சி கேட்டதில்லை, இனியும் கேட்கப் போவதில்லை. வருஷத்தில் ஒருநாள் என் அண்ணன் தம்பிகள் ஒரே பானையில் சாப்பிடுவது அந்தக் கல்லுக்கு முன்னால்தான். ஓசூர் சார் அதைக் கேஜ் விட்டு அளக்க வேண்டாம்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னைச் சுட்டது. அதை எழுதியது நீங்களே என்றாலும் நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. ‘என் மனைவி விலக்கான நாளில் கொட்டகைக்குள் போய்விட்டாள்’ என்று பெரியப்பா சொன்னதாக எழுதிவிட்டு, நேராகத் தை மாதத்துக்குப் போய்விட்டீர்கள். நடுவில் அந்த மூன்று மாதமும் அண்ணி எப்படி இருந்தார்கள்?

எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் மாம்பூ கருகியது. முதல் வருஷம் பழி என் மேல், இரண்டாம் வருஷம் என் நாத்தனார் மேல். தோட்டக்கலை அதிகாரி வந்து பூங்கொத்தைத் தட்டிக் காட்டினார், உள்ளங்கை முழுக்கத் தத்துப்பூச்சி. அதன் பிறகும் ‘பூச்சி ஏன் வந்தது?’ என்று மாமியார் கேட்டார். அதற்கும் பதில் நாங்கள்தான். காய்த்தால் சாமி, கருகினால் மருமகள். சாட்சி இல்லாத பேச்சு ஆகாயத்தில் நிற்பதில்லை அண்ணா, யாராவது ஒருத்தி தலையில் வந்து இறங்குகிறது.

தழை வெட்டுவதும், புழுக்கை அள்ளுவதும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தழை போடுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். மாதம் முழுக்க உள்ளே இருக்கிறவளுக்கு மூன்று நாள் மட்டும் நோய் பிடிக்குமா? பெரியப்பாவிடம் கேட்கப் பயமாக இருந்தால் அண்ணியிடமாவது சொல்லுங்கள், ‘உன்னால் இல்லை’ என்று. அதற்கு எந்தப் பங்காளியும் சண்டைக்கு வர மாட்டார்.

பணம் கொடுத்துவிடுங்கள். கொடுத்தவன் பேச்சுக்குத்தான் கூட்டத்தில் இடம் உண்டு.

---

பதில் 3
எழுதியவர்: பழைய தமிழாசிரியர், தருமபுரி

தம்பி, பத்தாவது வரை படித்தேன் என்று நீங்கள் கூச்சப்பட வேண்டாம். நீங்கள் கேட்டதையேதான் மணிமேகலையில் கேட்டிருக்கிறார்கள். காஞ்சிக்குப் போகும் முன் வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயத்தாரையும் விசாரிக்கிறாள். முதலில் வரும் வைதிகவாதி, ஒன்றை அறிவதற்கான அளவைகள் பத்து என்று அடுக்குகிறான். காண்டல், கருதல், உவமம் என்று போகும் வரிசையில் ‘ஐதிகம்’ என்று ஒன்று உண்டு. ஊரார் சொல்லை நம்பித் தெளிவது. அதற்கு அவன் காட்டும் எடுத்துக்காட்டைப் பாருங்கள்: இந்த மரத்தில் ஒரு பேய் இருக்கிறது என்று தெளிதல். இதே காப்பியத்தில் பின்னால் அவளுடைய பௌத்த குரு அறவண அடிகள் அளவை இரண்டே என்று முடித்துவிடுகிறார். கண்டது ஒன்று, கண்டதிலிருந்து கருதியது மற்றொன்று. புங்க மரத்தடியில் நின்று நீங்கள் அவர் பக்கம் பேசுகிறீர்கள், பெரியப்பா ஐதிகத்தின் பக்கம் பேசுகிறார். பழைய வழக்கு.

கல்லில் இருப்பதும் யாரோ சொன்ன சொல்தானே, அதை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்று பெரியப்பா திருப்பிக் கேட்டால் தடுமாற வேண்டாம். கேட்க வேண்டிய கேள்விதான். உங்கள் கல்லும் ஒரு நடுகல், சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல். செங்கம் பகுதி நடுகற்கள் சிலவற்றில் ‘மயீந்திர பருமன்’ என்று ஓர் அரசன் வருகிறான். அவன் மகேந்திரவர்மப் பல்லவன். ஆநிரை மீட்டுச் செத்தவனின் உறவுக்காரன் வெட்டிய கல் மட்டும் அவனைச் சொல்லியிருந்தால் சந்தேகப்படலாம். திருச்சி மலைக்கோட்டைக் குகைக் கோயிலில் அவனே வெட்டுவித்த கல்வெட்டும் இருக்கிறது. அந்த இரண்டு சிற்பிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஒன்றையொன்று அறியாத இரண்டு வாய் ஒரே செய்தியைச் சொல்வதற்குத்தான் சாட்சி என்று பெயர். பாயின் கொட்டகையை நீங்கள் எட்டிப் பார்த்ததும் அதே வேலை.

ஓசூர்க்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நடுகல்லை வணங்கியவர்கள் முதலில் வரம் கேட்டு வணங்கியதாக நினைத்துவிடாதீர்கள். பகைவரை மறித்து நின்று, யானையை எறிந்து வீழ்ந்தவனின் கல்லைத் தவிர நெல் தூவிப் பரவும் கடவுள் எங்களுக்கு வேறு இல்லை என்று மாங்குடி கிழார் பாடுகிறார், புறநானூறு 335. அது ஒரு கடன். கடனுக்குச் சாட்சி கல்லிலேயே இருக்கிறது. மழை கொடு, கூடு கொடு என்று கேட்கத் தொடங்கும்போதுதான் வேறு சாட்சி தேவைப்படுகிறது.

நம் ஊர் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது அவனுக்கும் கல் நட்டார்கள். மயில் பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறிய கலத்தில் ஊற்றிப் படைத்தார்கள். உங்கள் கல்லில் காலருகே ஒரு கெண்டி என்றீர்களே, அதைப் படித்ததும் எனக்கு இந்தப் பாட்டுதான் வந்தது. எல்லாரும் படைத்துக்கொண்டிருக்கும்போது ஔவையார் ஒரு ஓரமாக நின்று கேட்கிறார்: ‘உகுப்பவும் கொள்வன் கொல்லோ’. மலையோடு சேர்த்து நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சின்னக் கலத்துக் கள்ளை வாங்கிக்கொள்வானா? புறநானூறு 232. தகடூர்த் தலைவனின் நடுகல்லின் முன்னாலேயே நின்று, செத்தவனை உயிராக நேசித்த ஒருத்தி கேட்ட கேள்வி இது. அவரை யாரும் நாத்திகர் என்று சொன்னதாகத் தெரியவில்லை. முப்பது வருஷம் இந்தப் பாட்டை, இறந்தவரை நினைத்துப் புலம்பும் கையறுநிலைக்கு எடுத்துக்காட்டு என்று மதிப்பெண்ணுக்காக நடத்திவிட்டேன். பாவம், பிள்ளைகள்.

இனி வேலைக்கு வருவோம். மண்டபத்தைத் தடுக்காதீர்கள், தோற்பீர்கள். கூரை நல்லது, கல்லுக்கு வெயில் மழை படாது. திருவாசியைக் கல்லின் மேல் வைக்காமல், பின்னால் தனியாக எழுப்பச் சொல்லுங்கள். கவசம் கழற்றி மாட்டுவதாக இருக்கட்டும். எழுத்தைப் பெரியப்பாவுக்குக் காட்டுங்கள். பகலில் தெரியாது. இருட்டிய பிறகு டார்ச் விளக்கைக் கல்லை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும்.

---

பதில் 4
எழுதியவர்: கூட்டுக்காரன், பாலக்கோடு பக்கம்

பதிலுக்குப் பதினெட்டு நாள் ஆகிவிட்டது, புழு எடுத்திருந்தேன்.

முதலில் காவேரிப்பட்டணம் தங்கைக்கு. நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்த மூன்று மாதமும் அவள் கொட்டகைக்கு வெளியே தழைக்கட்டை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போவாள். நானும் ‘உள்ளே வா’ என்று சொன்னதில்லை. நம்பிக்கை இல்லாதவன் என்று பெயர்தான், வாய் திறக்கவில்லை. இந்த முறை சொன்னேன். “இப்போதுதான் தெரிந்ததா?” என்று கேட்டுவிட்டுத் தழை நறுக்க உட்கார்ந்தாள். நாள் பார்க்காமல் தினமும் உள்ளே வந்தாள். கூடு கட்டியாகிவிட்டது, நாளை மறுநாள் பறிக்கிறோம். எடை எவ்வளவு வந்தாலும் அது ஒரு முறைதான், அதை வைத்து எதுவும் நிரூபணம் ஆகாது என்று ஓசூர்க்காரர் சொல்வார். தெரியும்.

பெரியப்பாவை அமாவாசை அன்று ராத்திரி கூட்டிக்கொண்டு போனேன். ஆசிரியர் ஐயா சொன்னபடி டார்ச்சைக் கல்லோடு சேர்த்துச் சாய்த்தேன். நான் ஐம்பது தடவை பார்த்த கல். அப்படி ஓர் எழுத்தை அன்றுதான் பார்த்தேன், வளைவு வளைவாக, சுழி சுழியாக. பெரியப்பா குனிந்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை. விரலை எடுத்து ஒவ்வொரு குழியிலும் வைத்து நகர்த்தினார். தொறு எங்கே என்று கேட்டார், காட்டினேன். பட்டான் எங்கே என்றார், காட்டினேன். “எத்தனை மாடு?” என்றார். அது எழுதவில்லை என்றேன். பெயர் இருந்த இடத்துக்கு விரல் வந்ததும் வழுக்கிக்கொண்டு போனது. அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அங்கேயே கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தார். “நாம் தேய்த்ததுதானே இது?” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கூட்டத்தில் அவரே பேசினார். திருவாசி கல்லுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி வருகிறது. கவசம் பண்டிகைக்கு மட்டும். நான் 15,000 ரூபாயைக் கொடுத்துவிட்டேன், ஓசூர்க்காரர் மன்னிக்கவும்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்தப் புழுவுக்கும் கிடா நேர்ந்திருக்கிறார். தாங்கிகளைப் பிரித்து வளர்க்கும் பேச்சை மறுபடி எடுத்தேன். “உனக்கு வேண்டுமானால் உன் சுண்ணாம்பை நிறுத்திப் பார், என் வேண்டுதலை நான் நிறுத்த மாட்டேன்” என்றார். சுண்ணாம்பை நிறுத்த எனக்குத் துணிச்சல் இல்லை. அவருக்கும் அதே கதைதான் போலிருக்கிறது, இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆனால் இரண்டும் ஒன்றில்லை என்பதை நான் விடுவதாக இல்லை. சுண்ணாம்பு பலிக்காவிட்டால் நான் அதை மாற்றுவேன்.

ஐயா, ஒரு சந்தேகம். எழுத்துக் குழிகளில் எண்ணெய்ப் பிசுக்கு கறுப்பாக இறுகிக் கிடக்கிறது. பங்காளி ஒருவர் கம்பி பிரஷ்ஷும் ஆசிட்டும் கொண்டுவருகிறேன் என்கிறார். விடலாமா?

---

பதில் 5
எழுதியவர்: பழைய தமிழாசிரியர், தருமபுரி

கூடவே கூடாது. கம்பியும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம், சோப்புத் தூளும் வேண்டாம். பிசுக்கு இப்போதைக்குக் கிடக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அருங்காட்சியகத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டுவிட்டு வருகிறேன். அதுவரை அந்தப் பங்காளியை வேறு வேலைக்கு அனுப்பி வையுங்கள்.